கத்தோலிக்கத் திருச்சபை இடதுசாரியா, வலதுசாரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுளை நம்புகிறவர் வலதுசாரியாகவும் நம்பாதவர் இடதுசாரியாகவும் இருப்பார் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரியாரும் சிங்காரவேலரும் கடவுள் மறுப்பையும் சமதர்மத்தையும் ஒரே மேடையில் பேசிய மண் இது. ஆகவே அப்படியோர் எண்ணம் உருவானதில் வியப்பில்லை. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அறிய, ஒரே விசுவாச அறிக்கையும் ஒரே தலைமையும் கொண்ட ஒரு சமயம் வெவ்வேறு நாடுகளில் எந்தப் பக்கம் நின்றது என்று பார்ப்பது நல்ல வழி. கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு மிகவும் ஏற்றது. பாரிசிலும் கேரளத்துப் பாலாவிலும் எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோரிலும் ஞாயிறுதோறும் சொல்லப்படும் விசுவாச அறிக்கை ஒன்றே, வாக்குச்சீட்டோ ஒன்றல்ல.

இடது, வலது என்ற பிரிவுக்கும் சமயத்துக்கும் தொடக்கத்திலேயே தொடர்பு இருந்ததா?

இருந்தது. 1789-இல் பிரான்சின் தேசிய மன்றத்தில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்கலாமா என்ற விவாதம் நடந்தபோது, அரசரின் பக்கம் நின்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும் மற்றவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். வலப்புறத்தில் ஆயர்கள் பலர் இருந்தார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு திருச்சபை முதல் நாளிலிருந்தே புரட்சிக்கு எதிரி என்று எழுதுவோர் உண்டு. அது அரைகுறையான வரலாறு. அதே 1789 ஜூன் மாதத்தில் குருக்களின் அவையில் பெரும்பான்மையோர் பொதுமக்களின் பிரதிநிதிகளோடு சேர்ந்துகொள்ள வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பு இல்லாமல் தேசிய மன்றம் அவ்வளவு விரைவில் வலுப்பெற்றிருக்காது. சிற்றூர்ப் பங்குத்தந்தையர் பலர் உழவர் வீட்டு வறுமையை நேரில் கண்டவர்கள். மேட்டுக்குடி ஆயர்களின் ஆடம்பரத்தை வெறுத்தவர்கள்.

பிறகு அவர்களுடைய விசுவாசம் மாறிவிடவில்லை. சட்டங்கள் மாறின. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டன; பிரான்சின் நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அப்போது திருச்சபையிடம் இருந்தது. 1790 ஜூலையில் குருக்களை அரசு ஊதியம் பெறும் அலுவலர்களாக்கி, ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும்படி சட்டம் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதாக உறுதிமொழி எடுக்கும்படி குருக்கள் கட்டாயப்படுத்தப்பட்டபோது, பங்குத்தந்தையரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மறுத்தார்கள். 1793-இல் மேற்குப் பிரான்சின் வாந்தே பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்து, இரத்தவெள்ளத்தில் ஒடுக்கப்பட்டார்கள். உறுதிமொழியைக் குருக்கள் பெருமளவில் மறுத்த வட்டாரங்களே இருபதாம் நூற்றாண்டிலும் திருப்பலிக்கு அதிகம் செல்கிற, வலதுசாரிக் கட்சிகளுக்கு அதிகம் வாக்களிக்கிற வட்டாரங்களாக நீடித்தன. ஒரு சட்டத்தின் தழும்பு ஐந்தாறு தலைமுறை வரை வாக்குப்பெட்டியில் தெரிந்திருக்கிறது.

அந்தத் தழும்பு இவ்வளவு காலம் ஆறாமல் இருந்ததற்குக் காரணம் என்ன?

பள்ளிக்கூடம். நிலம் ஒருமுறை பறிபோனால் அந்தத் தலைமுறையோடு வழக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். பிள்ளைகளை யார் படிக்கவைப்பது என்ற வழக்கு தலைமுறைதோறும் புதிதாகத் தொடங்கும். 1881–82-இல் ஜூல் ஃபெரி கொண்டுவந்த கல்விச் சட்டங்கள் அரசுப் பள்ளிகளை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. 1905-இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிக்கப்பட்டன. அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நெருப்பு அணையவில்லை: 1984-இல் சோசலிஸ்டு அரசு தனியார் பள்ளிகளைப் பொதுக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவர முயன்றபோது, பாரிஸ் தெருக்களில் பல இலட்சம் பேர் திரண்டார்கள். குடியரசுத் தலைவர் மித்தரான் மசோதாவைக் கைவிட்டார்; பிரதமர் மொரூவா பதவி விலகினார்.

இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலம், பள்ளி, குடும்பச் சட்டம் ஆகிய மூன்றையும் யார் ஆள்வது என்ற கேள்வி எழும்போதுதான் சமயமும் அரசியலும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன என்பதே என் கருத்து. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அந்த இடத்தில் பெரும்பாலும் எழுவதேயில்லை.

தொழிலாளர் பிரச்சினையில் திருச்சபையின் அதிகாரப்பூர்வமான நிலைப்பாடு எது?

1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமை இயற்கையான உரிமை என்றும், அதை ஒழிக்கும் சோசலிசம் தவறு என்றும் அது கூறுகிறது. அதே மடல், தொழிலாளிக்கு அவனும் அவன் குடும்பமும் வாழப் போதுமான கூலி கொடுக்க வேண்டியது நீதியின் கடமை என்றும், தொழிலாளர் சங்கம் அமைப்பது உரிமை என்றும், பசியின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு ஒருவன் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் முதலாளியின் அநீதியை நியாயப்படுத்தாது என்றும் கூறுகிறது. வலதுசாரிகள் முதல் பாதியையும் இடதுசாரிகள் இரண்டாம் பாதியையும் மேற்கோள் காட்டுவது வழக்கம். மடலை முழுவதும் படிப்பவர் எந்தப் பக்கமும் வசதியாக உட்கார முடியாது.

அப்படியிருக்க, பொதுவுடைமையை அவ்வளவு கடுமையாக எதிர்த்தது ஏன்?

கோட்பாட்டுக் காரணமும் உண்டு, உயிர்ப்பயமும் உண்டு. நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோசலிஸ்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க இயலாது என்று 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் எழுதினார். அதற்கு ஐந்து ஆண்டுகளில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு, இடதுசாரிக் குடியரசு அரசின் பக்கம் இருந்த பகுதியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளைச் சிறுமைப்படுத்திப் பேசுகிற இடதுசாரி எழுத்து நேர்மையானதல்ல. பாஸ்க் நாட்டில் குடியரசின் பக்கம் நின்ற கத்தோலிக்கக் குருக்களை, குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படையினர் சுட்டுக்கொன்றதை மறைக்கிற வலதுசாரி எழுத்தும் அப்படித்தான்.

1949-இல் வத்திக்கான், பொதுவுடைமைக் கோட்பாட்டை ஏற்றுப் பரப்புகிற கத்தோலிக்கரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் பிறப்பித்தது. இருந்தும் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் வாக்கு வளர்ந்து, 1976-இல் 34 விழுக்காட்டைத் தாண்டியது. ஞானஸ்நானம் பெற்று, கோவிலில் மணம் முடித்து, கட்சி அட்டையும் வைத்திருந்த இத்தாலியர் இலட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

போலந்தின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே அரசுதான் ‘இடது’. ஆலைகளும் நாளிதழ்களும் அதன் கையில் இருந்தன. 1979 ஜூனில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தாய்நாட்டுக்கு வந்தபோது திரண்ட கூட்டம், அடுத்த ஆண்டு கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் ‘சொலிதார்னொஷ்ச்’ (ஒருமைப்பாடு) தொழிற்சங்கமாக உருவெடுத்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்த அந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தக் கதவுகளில் அன்னை மரியாவின் படம் தொங்கியது. கூலியும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளர்களை வலதுசாரிகள் என்பதா, இடதுசாரிகள் என்பதா? ஆளுவது யார் என்பதைப் பொறுத்தே சமயம் எதிர்ப்பாகவும் அரணாகவும் மாறுகிறது.

கேரளத்தில் 1959-இல் என்ன நடந்தது? அது கடவுள் நம்பிக்கைக்கும் நாத்திகத்துக்கும் இடையிலான போரா?

அப்படித்தான் அன்றைய மறையுரைகளில் சொல்லப்பட்டது. நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டு அமைச்சரவை பதவியேற்றது. எந்தக் கோவிலும் மூடப்படவில்லை. எந்த வழிபாடும் தடுக்கப்படவில்லை. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அவரே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சூரில் கத்தோலிக்கக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் வழங்கும், நியமனம் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்து நடக்க வேண்டும், முறைகேடு நடந்தால் பள்ளி நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்பவை அதன் சாரம். நிர்வாகிகளின் தயவில் வாழ்ந்த ஆசிரியர்களுக்கு அது விடுதலை. பள்ளி நிர்வாகங்களுக்கோ அடித்தளமே ஆடியது. குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப, 1958-இல் நீதிமன்றம் சிறுபான்மையினரின் கல்வி உரிமை குறித்துச் சில பிரிவுகளில் குறை கண்டது; திருத்தத்துக்குப் பின்னரே அது சட்டமானது. இதற்கிடையில் குத்தகை விவசாயிகளுக்கு நில உரிமை தரும் மசோதாவும் வந்து 1959 ஜூனில் நிறைவேறியது.

பள்ளியும் நிலமும் ஒன்றாகச் சேர்ந்தபோது ‘விமோசன சமரம்’ (விடுதலைப் போராட்டம்) என்ற அரசு எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. கத்தோலிக்க ஆயர்களும், நாயர் சர்வீஸ் சொசைட்டியின் மன்னத்து பத்மநாபனும், முஸ்லிம் லீகும், காங்கிரசும் ஓரணியில் நின்றார்கள். ஜூன் 13 அன்று அங்கமாலியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். ஜூலை 31 அன்று மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது. இந்த அணிவகுப்பை நன்றாகக் கவனிக்க வேண்டும். மூன்று சமயத்தாரும் ஒரு பக்கம் நின்றதற்கு அவர்களுடைய இறைக் கோட்பாடு ஒன்றாக இருந்தது காரணமல்ல; பள்ளி நிர்வாகமும் நிலவுடைமையும்தான் அவர்களுக்குப் பொதுவானவை. எதிர்ப்பக்கம் நின்ற புலையர் வயல் தொழிலாளர்களும் ஈழவர் கயிற்றுத் தொழிலாளர்களும் நாத்திகர்களல்லர். காவுகளிலும் கோவில்களிலும் வழிபட்டவர்களே.

விமோசன சமரத்தில் நின்ற குருக்கள் எல்லோரும் கடைசிவரை இடதுசாரி எதிர்ப்பாளர்களாகவே இருந்தார்களா?

இல்லை. அருள்பணி ஜோசப் வடக்கனின் வாழ்க்கை இதற்குச் சான்று. ஐம்பதுகளில் கம்யூனிஸ்டு எதிர்ப்பு முன்னணி அமைத்து, பத்திரிகை நடத்தி, 1959 போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். அந்த அமைச்சரவை விழுந்து இரண்டே ஆண்டுகளில், 1961-இல், இடுக்கி அணைத் திட்டத்துக்காக மலைப்பகுதியில் குடியேறியிருந்த விவசாயக் குடும்பங்களை, அவர்களில் கத்தோலிக்கர் பெருமளவில் இருந்தும், புதிய அரசு வெளியேற்றி அமராவதியில் கொண்டுபோய் விட்டது. மழையில் கூரையில்லாமல் கிடந்த அந்த மக்களுக்காக உண்ணாநோன்பு இருந்தவர் கம்யூனிஸ்டு தலைவர் ஏ.கே. கோபாலன். வடக்கன் அவர் பக்கம் போய் நின்றார். பிறகு அவர் உருவாக்கிய கர்ஷகத் தொழிலாளி கட்சி 1967-இல் இ.எம்.எஸ். தலைமையிலான ஏழு கட்சிக் கூட்டணி அமைச்சரவையில் இடம்பெற்றது. திருச்சபைத் தலைமையோடு அவருக்கு மோதல் வலுத்தாலும் குருத்துவத்தை அவர் துறக்கவில்லை.

பள்ளி நிர்வாகத்தின் கண்ணால் பார்த்தபோது கம்யூனிஸ்டு எதிரியாகத் தெரிந்தான். வெளியேற்றப்பட்ட விவசாயியின் கண்ணால் பார்த்தபோது தோழனாகத் தெரிந்தான். இறைவன் ஒருவனே, குருவும் ஒருவரே. இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

எண்பதுகளில் அருள்பணி தாமஸ் கோச்சேரியும் அருள்சகோதரிகள் சிலரும் கேரள மீனவர்களோடு சேர்ந்து, மழைக்கால விசைப்படகு மீன்பிடிப்பைத் தடைசெய்யக் கோரி உண்ணாநோன்பு இருந்தார்கள். 1988-இல் தடை நடைமுறைக்கு வந்தது. 2020-இல், பாலா வட்டாரக் கத்தோலிக்க விவசாயிகளின் கட்சி என்றே அறியப்பட்ட கேரள காங்கிரஸ் (எம்) இடது முன்னணியில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த முன்னணி 140 இடங்களில் 99-ஐ வென்றது.

இலங்கையில் இதே போன்ற நிகழ்வு உண்டா?

உண்டு, அங்கும் பள்ளிக்கூடமே மையம். 1960–61-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவோடு, அரசு உதவி பெற்ற சமயப் பள்ளிகளைக் கையகப்படுத்தியது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து அவற்றைக் காத்து நின்றார்கள். கத்தோலிக்க வாக்கு வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் இறுகியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அங்கு இன்னொரு செய்தியும் உண்டு: 1972-இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்த அரசியலமைப்பை வடித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் மார்க்சியர். இடதுசாரி என்றால் சமயச் சார்பின்மை என்று எண்ணுவோர் இதை மறக்கலாகாது. இனப் போர்க் காலத்தில் வடக்கின் தமிழ்க் குருக்களும் தெற்கின் சிங்களக் குருக்களும் பிரிந்து நின்றது இடது–வலது அச்சில் அன்று. தேசிய இன அச்சில்.

விடுதலை இறையியல் என்பது மார்க்சியத்துக்குப் போர்த்திய அங்கிதானே?

இந்தக் குற்றச்சாட்டு ரோமிலிருந்தே எழுந்ததால் அதைப் புறந்தள்ள முடியாது. 1968-இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், வறுமையை அநீதியான அமைப்புகளின் விளைவு என்று அறிவித்தார்கள். 1971-இல் பெருநாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியெர்ரெஸ் தம் நூலில் அதற்கு இறையியல் வடிவம் கொடுத்தார். நிலமற்ற உழவர்கள் சிறு குழுக்களாகக் கூடி விவிலியத்தை வாசித்து, யாத்திராகமத்து எகிப்தைத் தங்கள் பண்ணையில் கண்டார்கள். 1984-இல் அன்றைய கர்தினால் இராட்சிங்கரின் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) தலைமையில் கோட்பாட்டைக் கண்காணித்த வத்திக்கான் பேராயம், மார்க்சியக் கருத்துகளை ஆராயாமல் எடுத்தாள்வதை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. வர்க்கப் போராட்டம் என்ற கண்ணாடி வழியே திருச்சபையையே பார்த்தால் நற்கருணைப் பந்தி உடைந்துவிடும் என்ற கவலை அதில் இருந்தது; அது நியாயமான கவலை. ஆயினும் குத்தியெர்ரெஸ் கண்டனம் செய்யப்படவில்லை. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் வரவேற்றார்.

புத்தகத்தை விட்டு மனிதரைப் பார்ப்போம். ஒஸ்கார் ரொமேரோ 1977-இல் சான் சால்வடோர் பேராயராக நியமிக்கப்பட்டபோது நிலக்கிழார்கள் நிம்மதியடைந்தார்கள். அவர் பழைமைப் போக்குடையவர் என்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த மாதமே, கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய அவருடைய நண்பரான இயேசு சபைக் குரு ருத்தீலியோ கிராந்தே, திருப்பலிக்குப் போகும் வழியில் ஒரு முதியவருடனும் ஒரு சிறுவனுடனும் சுட்டுக்கொல்லப்பட்டார். ரொமேரோ மாறியது அந்த உடல்களின் முன்னால். எந்த மார்க்சிய நூலையும் படித்து அன்று. 1980 மார்ச் 23 அன்று மறையுரையில், அடக்குமுறையை நிறுத்தும்படி படைவீரர்களுக்குக் கடவுளின் பெயரால் கட்டளையிட்டார். மறுநாள் மாலை திருப்பலி நிறைவேற்றும்போது பீடத்தின் அருகிலேயே சுடப்பட்டார். அவரைக் கொன்றவர்களும் தங்களைக் கிறிஸ்தவ நாகரிகத்தின் காவலர்கள் என்றே எண்ணினார்கள். 2018-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஒரே கண்டத்தில், ஒரே காலத்தில், திருச்சபை எல்லா நாடுகளிலும் இப்படித்தான் நடந்துகொண்டதா?

இல்லை. அண்டை நாடுகளான சிலியையும் அர்ஜென்டினாவையும் ஒப்பிட்டாலே போதும். சிலியில் 1973-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், கர்தினால் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் 1976-இல் ஒரு மனித உரிமைப் பணியகத்தை மறைமாவட்டத்தின் பெயரிலேயே நிறுவினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அங்கே வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். அர்ஜென்டினாவில் 1976-இல் இராணுவம் வந்தபோது ஆயர்களில் மிகப் பலர் மௌனம் காத்தார்கள். சிலர் வெளிப்படையாகவே ஆதரித்தார்கள். ஏழைகளின் பக்கம் நின்ற ஆயர் அஞ்செலெலி அந்த ஆண்டே கொல்லப்பட்டார்.

விசுவாசத்தில் வேறுபாடு இல்லை. அமைப்பில் இருந்தது. சிலியில் 1925-லேயே திருச்சபை அரசிலிருந்து பிரிக்கப்பட்டு, மக்களையே நம்பி வாழப் பழகியிருந்தது. அர்ஜென்டினாவிலோ அரசியலமைப்பே கத்தோலிக்க வழிபாட்டை அரசு தாங்கும் என்கிறது. 1979-இல் இராணுவ அரசு ஆயர்களுக்குக் கருவூலத்திலிருந்து ஊதியம் வழங்கச் சட்டம் இயற்றியது. காசு வருகிற திசையைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாதுதான். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காத விளக்கம் எதுவும் முழுமையாகாது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களை எந்தப் பக்கத்தில் வைப்பது?

ஒரே பக்கத்தில் வைக்க முடியாது. குமரிக் கடற்கரையில் அரசியலைத் தீர்மானிப்பவை கடலும் துறைமுகமும். இனயம் துறைமுகத் திட்டத்தைப் பங்குகளே முன்னின்று எதிர்த்தன. உள்நாட்டு ஊர்களில் சாதியே தீர்மானிக்கிறது. தேர் எந்தத் தெருவுக்கு வரும், கல்லறையில் சுவர் இருக்குமா என்ற பிரச்சினைகளில் ஒரே பங்கின் மக்கள் இரண்டாகப் பிளந்து நின்றதை எறையூர் போன்ற ஊர்கள் கண்டிருக்கின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் திறந்த அந்தக் கதவு இவர்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. அரசிடம் சமநீதி கேட்டுத் தெருவில் இறங்கும் தலித் கத்தோலிக்கர், அதே சமநீதியைத் தம் பங்கிலும் கேட்க வேண்டியிருக்கிறது. தங்கள் கோவிலுக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்டு வெளியே சமூகநீதி பேசும் திருச்சபைத் தலைமையை நான் ஏற்கவில்லை.

திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியையும் இங்கே நினைக்க வேண்டும். ஜார்க்கண்டில் பழங்குடியினரின் நில உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தவர் அவர். மாவோயிஸ்டுத் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2020 அக்டோபரில் கைதானார். அதை அவர் மறுத்தார். விசாரணை தொடங்காமலேயே 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், மும்பையில் காவலில் இருந்த நிலையில் மருத்துவமனையில் இறந்தார். அவரை நகர்ப்புற நக்சல் என்றவர்களும் மறைசாட்சி என்றவர்களும் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

கருத்துக்கணிப்புகளில் சமயப்பற்று உள்ளவர்கள் வலதுபக்கம் சாய்வதாகத்தானே காட்டுகிறார்கள்?

மேற்கு ஐரோப்பாவில் பொதுவாக அப்படித்தான் தெரிகிறது; ஆனால் ‘சமயப்பற்று’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறு பொருள்கள் அடைக்கப்படுகின்றன. கடவுளை நம்புவது ஒன்று. வாராவாரம் வழிபடப் போவது வேறு. ‘நாங்கள் கிறிஸ்தவர்கள்’ என்று பிறரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுவது முற்றிலும் வேறு. இத்தாலியில் 2019-இல் மத்தேயோ சல்வீனி தேர்தல் மேடையில் செபமாலையை முத்தமிட்டபோது திருச்சபைத் தலைவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் மக்களில் பெரும்பாலோர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். அங்குள்ள துரிங்கியா மாநிலத்தில்தான் 2024-இல் தீவிர வலதுசாரிக் கட்சியான ‘ஜெர்மனிக்கான மாற்று’ முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் வெள்ளையர் எவாஞ்செலிக்கல் சபையினர் குடியரசுக் கட்சியின் தூண்கள். அவர்களுக்கு நிகராகச் செபிக்கிற கறுப்பினப் புராட்டஸ்டண்டு சபையினர் ஜனநாயகக் கட்சியின் தூண்கள். அந்நாட்டில் செபத்தைவிட நிறம் நன்றாக வாக்கைச் சொல்லிவிடுகிறது.

வயதும் ஊரும் இதில் கலந்திருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. கோவிலுக்கு அதிகம் போகிறவர்கள் பல நாடுகளில் முதியவர்களும் சிற்றூர்வாசிகளும் ஆவர். கோவிலே இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் அப்படியே வாக்களித்திருக்கக் கூடும்.

ஒருவர் கூலிப் பிரச்சினையில் இடதாகவும் கருக்கலைப்பில் வலதாகவும் இருந்தால் அது முரண்பாடில்லையா?

கட்சிகளின் கணக்கில் முரண்பாடு; திருச்சபையின் போதனையில் அல்ல. கருவில் உள்ள உயிரையும், குடியேறி வந்தவரின் உயிரையும், மரண தண்டனைக் கைதியின் உயிரையும் ஒரே அளவுகோலால் அளக்கச் சொல்கிறது அது. ஒரு நாட்டின் கட்சிகள் அந்தப் பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் கத்தோலிக்க வாக்காளர் எங்கே போனாலும் பாதியை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அமெரிக்கக் கத்தோலிக்கர் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிகளுக்கும் இடையே பிளந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆயர்கள் சொல்கிறபடி மக்கள் வாக்களிக்கிறார்களா?

பல வேளைகளில் இல்லை. 1974-இல் இத்தாலியில் மணமுறிவுச் சட்டத்தை நீக்கச் சொல்லித் திருச்சபை பரப்புரை செய்தது. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். அயர்லாந்தில் 2018-இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். மக்களின் பள்ளிக்கும் நிலத்துக்கும் ஆபத்து என்று தோன்றும்போது ஆயரின் குரல் எடுபடுகிறது. படுக்கையறைக்குள் நுழையும்போது எடுபடுவதில்லை.

இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ எந்தப் பக்கம்?

சிக்காகோவில் பிறந்து, பெருவில் ஏழை மக்களிடையே பல ஆண்டுகள் மறைப்பணியாற்றி, சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் அவர். 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் நாள், ‘ரேரும் நோவாரும்’ எழுதிய பதின்மூன்றாம் லியோவை மனத்தில் கொண்டே இந்தப் பெயரைத் தேர்ந்ததாகவும், அன்று தொழிற்புரட்சி எழுப்பிய கேள்விகளை இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்புவதாகவும் கர்தினால்களிடம் கூறினார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் செய்தியாளர்களிடம் பேசியபோது, கருக்கலைப்பை எதிர்த்துவிட்டு மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிரின் பக்கம் நிற்பவரல்லர் என்றும், குடியேறியவர்கள் மனிதத்தன்மையற்று நடத்தப்படுவதை ஏற்பவரும் அப்படித்தானா என்று தாம் ஐயுறுவதாகவும் கூறினார். அமெரிக்காவின் வலதுசாரிக் கத்தோலிக்கர் பலர் அதற்காக அவர்மீது சினம் கொண்டார்கள். கருக்கலைப்பு பற்றிய பழைய போதனையில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை என்பதால் இடதுசாரிகளும் அவரைத் தம்மவர் என்று கொண்டாட முடியவில்லை.